மின்சாரத்துக்குச் சுருதி கூட்டிய நாள்

ஒலிப்பதிவுத் தொழிலுக்குள் இப்போதுதான் வந்திருக்கும் உங்களிடம் கருவிகளைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். நான் கையாண்ட பொறிகளில் பாதி இன்று காட்சிப்பொருளாகிவிட்டன. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகின்ற ஒருவரும் இந்தப் பக்கம் கேட்கின்ற ஒருவரும் அமர்ந்திருக்கும் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. என்ன செய்வதென்று எவருக்கும் விளங்காத வேளையில் எல்லாரும் இந்தப் பக்கம் இருப்பவரின் முகத்தையே பார்ப்பார்கள். அப்படி என் முகத்தைப் பார்த்த மூவரைப் பற்றி எழுத விழைகிறேன். ஓய்வுபெறுவதற்கு முன் நான் ஏற்ற கடைசிப் பெரும்பணி அவர்களுடையது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பின்தெருவில், முன்னாளில் இரும்புப் பட்டறையாக இருந்த கட்டடத்தில் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் இயங்கியது. அம்மன் பாடல்கள், துணிக்கடை விளம்பரங்கள், கல்லூரி ஆண்டுவிழாப் பாடல்கள் ஆகியவையே அங்கு வழக்கமாக வருபவை. ஆகவே, தோளில் கிட்டார்களோடு மூவர் வந்து, “ஒரு முழு ஆல்பம் பண்ணணும் சார்” என்றபோது நான் சற்றே தயங்கினேன்.

தேன்மொழி பாடுவார்; தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரும் வாசிப்பார். ஆவடிக்காரர். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்தார். கிட்டார் வாசித்த குணா மதுரையிலிருந்து மென்பொருள் வேலைக்காக வந்து இங்கேயே அடுக்ககத்தில் குடியேறியவர். முரசுகளை முழக்கிய ஏழுமலைக்குத் திருநின்றவூர் ஏரியை ஒட்டிப் பரம்பரை நிலம் இருந்தது; பிழைப்பு பாடியில் ஒரு தொழிற்சாலையில்.

தாங்கள் வாசிப்பது ‘ஸ்டோனர் ராக்’ என்றார் குணா. எனக்கு விளங்கவில்லை. அவர் ஏதேதோ அயல்நாட்டுப் பாலைவனங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஏழுமலை குறுக்கிட்டார்.

“மச்சான், நீ கம்முனு இரு. சார், நான் சிம்பிளா சொல்றேன். பாடி மேம்பாலத்துல தண்ணி லாரி ஏறும்ல? ஃபுல்லு லோடு, ஃபர்ஸ்ட்டு கியரு. முக்கிகினே ஏறும், ஆனா நிக்காது. அதான் சார் எங்க மீஜிக்கு.”

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பின்னர் எந்த நூலிலும் காணவில்லை. நடை மெதுவானது; ஒலி கனமானது; கம்பிகள் இயல்பைவிடத் தளர்த்தப்பட்டுத் தரையோடு உறுமுகின்றவை. அவ்விசையின் பெயரிலேயே கஞ்சாவின் நெடி உண்டு என்று பின்னர் அறிந்தேன். இம்மூவரிடமோ, இஞ்சித் தேநீருக்கு அப்பால் வேறெந்தப் பழக்கமும் இருக்கவில்லை.

முதல் நாளே ஒரு சிறு கலவரம் நேர்ந்தது. குணா தம் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியை இயக்கியதும் அதிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழுந்தது. மின்சாரத்தின் துடிப்பே பெட்டிக்குள் புகுந்து அப்படி ஒலிக்கும். அதை ஒழிப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் கம்பிகளைச் சரிசெய்யக் குனிந்தேன்.

“ஐயோ சார், கை வெக்காத!” என்று பாய்ந்துவந்தார் ஏழுமலை. “அது எங்க நாலாவது ஆளு!”

அவர்கள் பயிற்சி செய்துவந்தது ஏழுமலையின் உறவினருக்குச் சொந்தமான ஒரு தகரக் கொட்டகையில். அருகிலேயே மின்மாற்றி. சுருதி பார்க்கும் கருவியை அவர்கள் என்றுமே பயன்படுத்தியதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் பெட்டியை இயக்குவார்கள். கண்களை மூடி ரீங்காரத்தைக் கேட்பார்கள். கிட்டார்களின் தடித்த கம்பியை அதனோடு இழைய வைப்பார்கள். மற்றக் கம்பிகள் அதைப் பின்தொடரும். ஒரு தம்பூராவின் முன் அமர்வதைப் போன்ற அடக்கத்தோடு அதைச் செய்தார்கள். நான் கையிலெடுத்திருந்த மின்கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ரீங்காரத்தை அதன்பின் ஒரு குரலாகவே கருதிப் பதிவு செய்தேன்.

அன்று தேநீர் வேளையில்தான் குணா மெதுவாகச் சொன்னார்.

“சார், ஒரு விசயம். தேனுக்குத் தைராய்டுல கட்டி. ஆப்பரேசன் பண்ணியே ஆகணுமாம். குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்துலயே ஓடுதாம்.”

தேன்மொழி கோப்பையைக் கீழே வைத்தார். “பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு ஐயா. உறுதியா சொல்லுங்கன்னேன். சிரிச்சாரே தவிர, சொல்லல. அதனால முதல்ல நான் பாடிடறேன். வாசிக்கறதெல்லாம் அப்புறம் வாசிச்சுக்கலாம். கை எங்கயும் போகாது.”

எங்கள் தொழிலில் இது தலைகீழான முறை. முதலில் தாளமும் கருவிகளும், குரல் இறுதியில். அடித்தளமும் சுவரும் எழும்புமுன் கூரையைத் தொங்கவிட எவரும் துணிவதில்லை. ஆயினும் நான் மறுக்கவில்லை. கிட்டாரை அடக்கமாக வாசித்து ஒரு வழிகாட்டிப் பதிவு செய்துகொள்வது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் பாடுவது. அவர் குணமடைந்து வந்தபின், குரலைக் காதில் கேட்டபடி மூவரும் முழு வலுவோடு வாசித்து நிரப்புவது. இதுவே திட்டம்.

அவர் பாடினார். மெலிந்த உருவம், ஆனால் குரலோ, கிணற்றின் அடியிலிருந்து தண்ணீர் ஏறி வருவதைப் போல வரும். அடுத்தடுத்த பிற்பகல்களில் ஒவ்வொரு பாட்டாக முடித்தோம். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு பாட்டு எஞ்சியிருந்தது. அதன் பெயர் ‘கலங்கல்’. ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடும் இடத்தைக் கலங்கல் என்பார்கள். அந்தப் பாட்டு வெறும் ரீங்காரத்தில் தொடங்கி வெறும் ரீங்காரத்தில் முடியும். இடையில் ஏரி சிறுகச் சிறுக நிரம்பும். மூவரும் சேர்ந்து உருவாக்கியவற்றுள் சிறந்தது அதுவே என்பதில் ஐயமில்லை.

தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றது. கடும் வெயில். தெருமுனையில் கம்பம் ஏறியிருந்த பணியாளரிடம் ஏழுமலை ஓடிப்போய்க் கேட்டுவந்தார்.

“சாயங்காலம் ஆவுமாம் சார். கேபிள் பூட்ச்சாம்.”

மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாலைவரை காத்திருக்கலாம். ஆனால் தேன்மொழியின் தொண்டை அந்நேரத்தில் நன்கு பதமாகியிருந்தது. மாலைக்குள் களைத்துவிடும் என்பதை அவர் கண்கள் காட்டின. கொல்லையில் ஒரு பழைய டீசல் மின்னாக்கி இருந்தது. பதிவுப்பொறிகளுக்குத் தனி மின்கலச் சேமிப்பு உண்டு. மற்றவற்றையெல்லாம் மின்னாக்கி தாங்கும். “அதை இயக்குங்கள்” என்றேன்.

பெட்டி ரீங்கரித்தது. வழக்கம்போல் மூவரும் கண்களை மூடினர். கம்பிகள் இழைந்தன. வழிகாட்டிப் பதிவு முடிந்தது. தேன்மொழி பாடினார். அதை நான் விவரிக்கப் போவதில்லை. பாடி முடித்ததும் ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “வேர்க்குது சார்” என்றார். இன்னொரு முறை பாடுமாறு நான் கேட்கவில்லை. நிறைவாக வந்த ஒன்றை மறுபடி கேட்டு வாங்குவது பேராசை.

அறுவை நல்லபடியாக நடந்தது. குரல் மட்டும் வரவில்லை. நரம்பு அறுபடவில்லை, சோர்ந்திருக்கிறது, குரல் திரும்பலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். வாரங்கள் கழித்துக் கழுத்தைச் சுற்றிய மேலாடையோடு அவர் வந்தபோது பேச்செல்லாம் காற்றாகவே இருந்தது.

“வாயை மூடி ‘ம்’னு சொல்லிப் பழகச் சொல்லிருக்காங்க ஐயா. காத்துதான் வருது” என்று கிசுகிசுத்தார்.

“விடு தேனு, இவ்ளோ நாள் நீ பேசினதே ரெண்டு ஜென்மத்துக்குப் போதும்” என்றார் ஏழுமலை. காலணியைக் கழற்றி எறிவதாகத் தேன்மொழி கையோங்கினார். அறை இலகுவாயிற்று.

மூவரும் வாசித்தார்கள். ஒவ்வொரு பாட்டும் பதிந்துவைத்த குரலின்கீழ் அழகாகப் பொருந்தியது. கூரைக்குக் கீழே சுவர்கள் தாமாக எழும்பின. இறுதியில் ‘கலங்கல்’. ரீங்காரத்தைக் கேட்டார்கள், சுருதி சேர்த்தார்கள், குணா முதல் கம்பியை மீட்டினார். குரல் நுழைந்தது. அவ்வளவுதான். காது கூசியது. குரல் ஓரிடத்திலும் கிட்டார் வேறோரிடத்திலும் நின்றன.

நிறுத்தினோம். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அதே கூச்சல்.

“என்னடா இது, இப்புடி இருக்கு?” என்றார் குணா. “தேனு, அன்னைக்கு நீ சுருதி எறங்கிப் பாடிட்டியா?”

அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் தேன்மொழியின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். இனி பாட முடியுமா என்பதே தெரியாத ஒருவர். கடைசியாகப் பாடிய பாட்டு. தம் குரலுக்கு எஞ்சிய சான்று. அது பிழையாகிவிட்டது என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

“தூக்கிடுங்க ஐயா. இந்தப் பாட்டு வேணாம்” என்று உதட்டசைவில் சொன்னார்.

இத்தகைய தருணத்தில் உடனே ஆறுதல் சொல்லாதீர்கள். கேளுங்கள். அன்றைய வழிகாட்டிப் பதிவைத் தேடியெடுத்து அவர் குரலோடு சேர்த்து ஒலிக்கவிட்டேன். மயிரிழையும் பிசகவில்லை. குரலும் அன்றைய கிட்டாரும் பாலும் நீருமாகக் கலந்திருந்தன.

“நீங்கள் பிழையாகப் பாடவில்லை, அம்மா. அன்றைய கிட்டார் வேறு, இன்றைய கிட்டார் வேறு” என்றேன்.

“அதே கிட்டாருதான் சார்” என்றார் குணா. பிறகு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஜெனரேட்டரு!”

ஆம். பழைய மின்னாக்கி, அன்று அதன் தலையில் பெரும் சுமை. சுமை ஏற ஏற அதன் ஓட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் மின்சாரத்தின் துடிப்பு குறையும். துடிப்பு குறைந்தால் ரீங்காரம் தாழும். நம் மூவரோ அந்தத் தாழ்ந்த ரீங்காரத்தை நம்பிச் சுருதி சேர்த்திருந்தார்கள். சுருதிக்கருவி வைத்திருக்கும் எந்தக் குழுவும் இந்தப் பிழையைச் செய்திருக்க வழியே இல்லை.

காரணம் தெரிந்ததும் தீர்வு எளிது என்று தோன்றும். குணா கணினியில் அமர்ந்து, குரலை இன்றைய சுருதிக்கு உயர்த்திக் காட்டினார். எண்களெல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கேட்டால், குரலில் இருந்த கிணற்றின் ஆழம் போய்விட்டிருந்தது.

“யாரு இது?” என்று கிசுகிசுத்தார் தேன்மொழி.

“உன் தங்கச்சி. பத்தாங்கிளாஸ் படிக்குது” என்றார் ஏழுமலை.

அடுத்து, கம்பிகளைக் குரலின் அளவுக்குத் தளர்த்தி வாசித்துப் பார்த்தார்கள். குரலோடு கிட்டார் இழைந்தது. ஆனால் பெட்டியின் ரீங்காரம் தன் உயரத்திலேயே நின்று, கிட்டாரோடு மோதி, ‘உவ்வா உவ்வா’ என்று அதிர்ந்தது. ரீங்காரத்தை அடக்கிவிடலாம் என்றேன். ஏழுமலை தலையை அசைத்தார்.

“ஏரியே இல்லாம கலங்கலா சார்?”

அவர் சொன்னது சரி. அந்தப் பாட்டின் தொடக்கமும் முடிவும் ரீங்காரமே.

இளமையில் எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர் ஒருவரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஒருமுறை, குழுவினர் அனைவரும் சுருதி சேர்த்துக் காத்திருக்க, பாடகர் சளியோடு வந்தார், குரல் ஏறவில்லை. எல்லாரும் பாடகரைக் கடிந்துகொண்டார்கள். பெரியவர் மட்டும் குழுவினர் பக்கம் திரும்பி, “அவர் தொண்டைய மாத்த முடியாது. நீங்க புல்லாங்குழல மாத்துங்க” என்றார். குழல் கலைஞர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய் வேறு குழல் எடுத்துவந்தார். ஆணையிடுபவரின் அதட்டல் பெரியவரின் குரலில் இல்லை. எது அசையும், எது அசையாது என்று பார்த்துச் சொன்னார், அவ்வளவே. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது.

இங்கே அசையாதது தேன்மொழியின் குரல். அசையக்கூடியவை மற்றவை அனைத்தும். மின்சாரம் உட்பட.

“மின்னாக்கியை இயக்குங்கள்” என்றேன்.

“கரண்ட் இருக்கே சார்” என்றார் குணா.

“இருக்கட்டும். நமக்கு வேண்டியது அன்றைய மின்சாரம்.”

ஏழுமலை புரிந்துகொண்டார். “ஜெனரேட்டருக்கே ட்யூனிங்கா! நைனா, நீ எங்கியோ பூட்ட!” என்று கொல்லைப்புறம் ஓடினார்.

மின்னாக்கி இரைந்தது. ரீங்காரம் எழுந்தது. ஆனால் உயரமாக இருந்தது. அன்று வெயிலுக்காகக் குளிரூட்டியும் விசிறிகளும் ஓடின. இன்றோ மழை மேகம், எல்லாம் அணைந்துகிடந்தன. சுமை போதவில்லை. தேன்மொழியை ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே அமர்த்தினேன். ஒரு காதில் அன்று பாடிய அவர் குரல்; மறு காது திறந்திருக்க, அதில் பெட்டியின் ரீங்காரம். அவர் கையை உயர்த்தினால் ரீங்காரம் உயரமாக இருக்கிறது என்று பொருள். தாழ்த்தினால் தாழ்ந்துவிட்டது என்று பொருள்.

கை உயர்ந்தே இருந்தது. குளிரூட்டியைப் போட்டோம். ரீங்காரம் ஒரு படி இறங்கியது. கை இன்னும் உயர்ந்திருந்தது. விசிறிகளைச் சுழலவிட்டோம். தேநீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியில் நீர் நிரப்பி வைத்தோம். பக்கத்துப் பட்டறை உரிமையாளர் மதில்மேல் தலை நீட்டினார்.

“இன்னாபா, கரண்ட்டு கீது, எதுக்கு ஜெனரேட்டர ஓட்டிகினு கீறீங்க?”

“சுருதி சேக்கறோம் அண்ணாத்தே!”

“எதுக்கு?”

“ஜெனரேட்டருக்குத்தான்!”

அவர் தம் பட்டறைப் பக்கம் கைகாட்டினார். “உள்ள எங்கூட்டு இஸ்திரிப் பொட்டி கீது, வேணுமா?” என்றார். வாங்கிக்கொண்டோம். அதைச் செருகியதும் ரீங்காரம் சரேலெனத் தாழ்ந்தது. கை கீழே போயிற்று. ஒரு விசிறியை நிறுத்தினோம். கை மெல்ல ஏறியது. இன்னொன்றை நிறுத்தினோம்.

கை அசையாமல் நின்றது. தேன்மொழி கண்களை மூடியிருந்தார். அன்று பாடிய குரலும் இன்றைய மின்சாரமும் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்தன. ஏழுமலை நுனிக்கால்களில் நடந்துவந்து முரசுகளின் பின் அமர்ந்தார். இஸ்திரிப் பெட்டி விழித்துக்கொள்ளும் என்று அஞ்சியவரைப் போல.

“இஸ்திரிப் பொட்டி ஆஃப் ஆவறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அது சூடேறியதும் தானே அணைந்துவிடும் வகை. சூடு சீக்கிரம் ஏறாதிருக்கக் குணா அதன்மேல் ஈரத்துணி ஒன்றை விரித்துவைத்திருந்தார்.

வாசித்தார்கள். குரல் நுழைந்தபோது இம்முறை எதுவும் மோதவில்லை. ஏரி நிரம்பத் தொடங்கியது. தேன்மொழி தம் குரலுக்குத் தாமே பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. விரல்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னதாகவே அவ்விடத்தில் போய்க் காத்திருந்தன. பதிவறைகளில் கழிந்த என் வாழ்நாளில், ஒருவர் தம்மையே அவ்வளவு பரிவோடு தாங்கிப் பிடித்ததை நான் கண்டதில்லை.

கடைசி அடி விழுந்தது. கிட்டார் மெல்ல அடங்கியது. குரல் முடிந்தது. ரீங்காரம் மட்டும் எஞ்சியது. அதை நீண்டநேரம் ஓடவிடுவதாகப் பேசி வைத்திருந்தோம். நான் ஒலியளவைக் காட்டும் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ரீங்காரத்தோடு இன்னோர் ஒலி சேர்ந்தது. மிக மெல்லியது, சற்றே கரகரப்பானது. எங்கோ கம்பி தளர்ந்துவிட்டது என்று எண்ணி, இணைப்புகளை ஒவ்வொன்றாகச் செவிமடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கண்ணாடி வழியே பார்த்தேன்.

தேன்மொழி பெட்டியை ஒட்டிக் கண்மூடி அமர்ந்திருந்தார். உதடுகள் மூடியிருந்தன. ஒலி உடைந்தது, காற்றாயிற்று, மீண்டும் வந்தது. ரீங்காரத்தைப் பற்றிக்கொண்டே அது நின்றது. தாம் ஒலிப்பதை அவரே அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. குணாவின் கை கம்பிகள்மேல் உறைந்திருந்தது.

“தேனு…” என்றார் ஏழுமலை, பதிவு ஓடிக்கொண்டிருப்பதையும் மறந்து. “நீயா அது? நான் ஜெனரேட்டருன்னு நெனச்சிகினு கீறேன்!”

தேன்மொழி கண் திறந்தார். தொண்டையில் கைவைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒலி இருந்தது.

முழுக் குரல் மீளப் பல மாதங்கள் ஆயின என்றும், அது முன்போல் இல்லை, சற்றே சொரசொரப்பாக இருக்கிறது என்றும், அதையே அவர் இப்போது விரும்புகிறார் என்றும் பின்னர் அறிந்தேன். ஆனால் அன்று எங்களுக்கு அந்தச் சிறு ஒலியே போதுமானதாக இருந்தது.

மின்னாக்கியை நிறுத்தியபின் குணா கட்டுப்பாட்டறைக்கு வந்தார். பதிவின் இறுதியில் ரீங்காரம், அதனோடு ஒட்டிய கரகரப்பு, ஏழுமலையின் கூச்சல், ஒரு சிரிப்பு.

“கடைசில இருக்கறத வெட்டிரலாமா சார்? சுத்தமா இருக்கும்.”

சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். என் கை பொத்தானுக்குப் பழகியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அப்படியே இருக்கட்டும், தம்பி” என்றேன். அப்படியே இருக்கிறது.